எட்டாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

உயர்நிலை வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று தெரிந்ததும் பல பள்ளிகளில் நடப்பது ஒன்றுதான். ஒரு இரட்டைக்கோடு நோட்டைக் கையில் கொடுத்து அ, ஆ, இ, ஈ எழுதச் சொல்லிவிடுவார்கள். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ்வழி வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். இந்த வழக்கத்தோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. மீசை அரும்புகிற வயதில் இருக்கும் பையனுக்கு அ, ஆ தெரியும். அவனுடைய வாசிப்பு உடைகிற இடம் வேறு எங்கோ இருக்கிறது. அந்த இடம் எது என்று பார்த்து, அங்கே மட்டும் வேலை செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழாசிரியர்களுக்கு மட்டுமில்லை, அறிவியலும் கணக்கும் நடத்துகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் பிள்ளைகளின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என நான்கு எழுத்துமுறைகள். கீழ்வகுப்புகளைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துவிட்டு எட்டில் தமிழ்வழிக்கு வருகிறவர்கள் உண்டு. அப்பா அம்மாவின் தோட்டவேலை காரணமாகத் தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து நடுவருடத்தில் வருகிறவர்களும் உண்டு. இதற்கு நடுவே 2024-25 கல்வியாண்டு முதல் கேரளத்தில் எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் குறைந்தது 30 சதவீதம் வேண்டும் என்று வந்துவிட்டது. பாடம் புரிந்தும் கேள்வித்தாளை வாசிக்க முடியாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுவர் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கே உடைகிறது என்று பார்ப்பது

ஜூன் மாதமே இதைச் செய்துவிடுங்கள். ஓணத்தை ஒட்டி வரும் முதல் பருவத் தேர்வின் மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தனியாகக் கூப்பிடுங்கள். நூலக மூலையோ, வராந்தாவின் கடைசியோ, மற்றவர்கள் பார்க்காத இடமாக இருப்பது முக்கியம். இரண்டு பத்திகள் வேண்டும். ஒன்று ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து, இன்னொன்று அவன் இப்போது படிக்கும் சமூக அறிவியலிலோ அறிவியலிலோ இருந்து. ஒவ்வொன்றும் நூறு சொல் அளவு இருந்தால் போதும். உங்கள் கையில் ஒரு நகல் வைத்துக்கொண்டு, அவன் வாசிக்கும்போது தடுக்கிய சொல்லின் கீழே கோடு போடுங்கள். அவன் என்ன வாசித்தானோ அதை மேலே அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம், உச்சுக்கொட்ட வேண்டாம்.

அப்புறம் மூன்றாவதாக ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, நாலு கேள்வி கேளுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. பெருக்கல் என்பதால் இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். நீங்கள் வாசித்துக் காட்டியபோது பையன் டக்டக்கென்று பதில் சொன்னால் அவனுக்கு அறிவில் குறையில்லை, எழுத்தில்தான் சிக்கல். கேட்டபோதும் விழித்தால் சொல்வளமும் பின்னணி அறிவும் போதவில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டுமே ஆறாது.

அதே பிள்ளை மலையாளம் எப்படி வாசிக்கிறான் என்று மலையாள டீச்சரிடம் கேளுங்கள். மலையாளம் நன்றாக வருகிறது, தமிழ் மட்டும் வரவில்லை என்றால் அவனுக்குத் தமிழ் சரியாகக் கற்பிக்கப்படவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதைச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். நான்கு மொழியிலும் ஒரேபோலத் தடுமாறினால் வேறு காரணம் இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன். கண்ணும் காதும் சோதித்தாயிற்றா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதை யாரிடமும் சொல்லாமலே ஏழெட்டு வருடம் ஓட்டிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எழுத்தில் உடைந்தால்

தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் முதலிலிருந்து நடத்தத் தேவையே இல்லை. நீங்கள் கோடு போட்ட தாளைப் பார்த்தால் பெரிய பிள்ளைகள் தடுக்குவது சில குறிப்பிட்ட இடங்களில்தான் என்று தெரியும்.

ஒன்று, கொம்பு. கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று கண் பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொள்கிறது. கொடி கோடியாகிறது, செறு சேறாகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மலையாளத்திலும் எகர ஏகாரக் குறிகள் இதே மாதிரி எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும். மலையாளத்தில் தடுக்காமல் வாசிக்கிற பையனிடம் இரண்டு மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வான்.

இரண்டாவது உகர வரிசை. ஆ என்றால் கால், இ என்றால் மேலே ஒரு சுழி என்று மற்றவற்றுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. உகரம் எழுத்துக்கு எழுத்து மாறும். இதை மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடுங்கள். பு, சு, யு, வு கீழே கோடு இறங்குபவை. து, நு, ணு, லு, று, னு கீழே போய் மடங்கி மேலே ஏறுபவை. கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றிக்கொள்பவை. கூட்டத்துக்குச் சில சொல்லாக, பருப்பு, முறுக்கு, துணுக்கு, விழுது, நுழைவு என்று கலந்து எழுதி வாசிக்க வையுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது விஷயத்தை நாம் யாரும் கவனிப்பதே இல்லை. தமிழில் க, ச, ட, த, ப ஐந்துக்கும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். தமிழ்ச் சொல்லில் இது தானாக வந்துவிடும். பாடப் புத்தகத்தில் வரும் பெயர்களிலும் கலைச்சொற்களிலும் வராது. குளோரின், குளுக்கோஸ் இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன, ஒலி வேறு. காந்தி என்று எழுதியிருப்பதை நாம் சரியாக வாசிப்பது பழக்கத்தால்தான். பாபர், பிஸ்மார்க், டாக்கா, போலந்து என்று வரிசையாக வந்தால், ஏற்கெனவே கேட்டிராத பிள்ளை எப்படித்தான் வாசிப்பான்? மலையாளத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு, அதனால் அவன் தமிழில் இன்னும் குழம்புகிறான். ஆகவே பாடம் தொடங்கும் முன்பு அன்றைய பெயர்களையும் கலைச்சொற்களையும் பலகையில் எழுதி நீங்கள் உரக்கச் சொல்லுங்கள், வகுப்பே சேர்ந்து சொல்லட்டும். மூன்று நிமிட வேலை. தடுமாறுகிற பிள்ளைக்கு மட்டுமில்லாமல் முதல் பெஞ்சுக்கும் பயன்படும்.

நீண்ட சொல்லில் உடைந்தால்

எட்டு, ஒன்பது வகுப்புகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பிள்ளைகளைத்தான். மரம், மலை, மழை எல்லாம் தயங்காமல் வாசிப்பார்கள். ‘பயன்படுத்தப்படுகின்றன’ வந்ததும் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பார்கள், அல்லது நின்றுவிடுவார்கள். இவர்களுக்கு அரிச்சுவடி கொடுப்பது அவமானம் மட்டுமே தரும். அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 4 முதல் 9 வரையான வகுப்புகளில் வாசிப்பில் பின்தங்கியவர்களுக்காக 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில் முதல் பரிந்துரையே பல அசை கொண்ட நீண்ட சொற்களை வாசிக்கப் பழக்குவதுதான். ஆங்கிலத்துக்கே அப்படி என்றால், விகுதிமேல் விகுதி ஏறும் தமிழுக்கு இது எவ்வளவு தேவை!

செய்முறை இதுதான். அன்றைய பாடத்திலிருந்து ஐந்து நீண்ட சொற்களை எடுங்கள். சொல்லின் பின்பக்கத்திலிருந்து பென்சிலால் சாய்கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் விகுதிக்கு ‘வால்’ என்று பெயர். பயன் / படுத்த / ப்படு / கின்றன. சேகரிக்க / ப்பட்ட / வற்றி / லிருந்து. பாதுகா / ப்பதற் / காக. வாலை மூடிவிட்டுத் தலையை வாசி, அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்து சேர்த்துக்கொண்டே வா, கடைசியில் முழுதாகச் சொல். இலக்கண சுத்தமாகப் பிரிக்க வேண்டும் என்ற கவலை வேண்டாம், கண்ணுக்கும் வாய்க்கும் வசதியாக இருந்தால் சரி. பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருகிற வால்கள் ஏறக்குறைய இருபதுதான் இருக்கும்: கின்றன, ப்பட்டது, வதற்காக, லிருந்து, வதன்மூலம், உடைய, க்கொண்டு, இருந்தாலும் என்று. அவற்றை ஒரு அட்டையில் எழுதி நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிட்டால், பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதிச் சொல் தெரிந்த முகமாக இருக்கும்.

பிரித்து வாசித்த சொல்லை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதே சொல்லை ஒரு வாக்கியத்துக்குள், பிறகு ஒரு பத்திக்குள் வாசிக்க வேண்டும். ஒரு பத்தியை முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து வாசியுங்கள், அப்புறம் அவன் தனியாக. அதே பத்தி மறுநாளும், அதற்கு மறுநாளும். ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணி அவனே ஒரு கட்டத்தாளில் புள்ளி வைக்கட்டும். அந்தத் தாள் அவனுடையது, சுவரில் ஒட்டாதீர்கள். வேகம் ஏறுவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நிறுத்தற்குறியை விழுங்கி ஓட ஆரம்பித்தால் சில நாள் கடிகாரத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டில் கேட்க ஆள் இல்லையே என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாமே. பத்தியை உங்கள் குரலில் பதிவு செய்து அம்மாவின் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளை விரலை வைத்துக் கூடவே வாசிப்பான்.

வாசிக்கிறான், புரியவில்லை என்றால்

கடகடவென்று வாசித்துவிட்டு, ‘என்ன சொல்லியிருக்கு?’ என்றால் மௌனம். இதற்கு முக்கிய காரணம் பாடநூல் வாக்கியத்தின் அமைப்பு. தமிழில் வினை கடைசியில் வரும். அதற்குள் எச்சங்கள் அடுக்கடுக்காக வந்து, முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். ஒரு வாக்கியம் எழுதுகிறேன்: ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, மாவட்டத்தின் கிழக்குப் பகுதியின் வெப்பநிலையைப் பாதிக்கிறது.’ பிள்ளையை முதலில் கடைசிச் சொல்லுக்குப் போகச் சொல்லுங்கள். பாதிக்கிறது. எது பாதிக்கிறது? காற்று. எந்தக் காற்று? கணவாய் வழியாக வீசும் காற்று. எதைப் பாதிக்கிறது? வெப்பநிலையை. எந்த ஊரின்? நம்ம ஊரின். நாலு கேள்வியில் வாக்கியம் திறந்துவிடும். இதைப் பழக்கமாக்க ஒரு பருவம் பிடிக்கும், விடாமல் செய்யுங்கள்.

‘இவை’, ‘அது’, ‘இதனால்’ வரும் இடங்களில் எல்லாம் அம்புக்குறி போட வையுங்கள்: இது எதைச் சொல்கிறது? எனினும், ஏனெனில், ஆகவே, மாறாக ஆகிய சொற்களை வட்டமிட வையுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் பத்துச் சொல்லுக்குள் சொல்லச் சொல்லுங்கள், பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும். பாடத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் பின்னணி பேசுங்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சியை நேரடியாக வாசிக்கக் கொடுக்காமல், வரி யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பத்தி பாதி வாசித்த மாதிரி.

கணக்கு சார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘விட’, ‘வீதம்’, ‘மீதி’, ‘எனில்’ என்ற சொற்களில்தான் வார்த்தைக் கணக்கு தவறுகிறது. கணக்கை எழுதும் முன் அவற்றின் கீழ் கோடு போட வையுங்கள்.

எதை வாசிக்கக் கொடுப்பது

அணிலும் முயலும் படம் போட்ட புத்தகம் வேண்டாம். வயதுக்கு மரியாதை வேண்டும். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம், வேலந்தாவளம் காய்கறிச் சந்தை விலை, பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கை, விதைப் பாக்கெட்டின் பின்பக்கம், பொள்ளாச்சி பஸ்ஸின் பலகை எல்லாமே பாடம்தான்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது பிள்ளை சொல்லி நாம் எழுதுவது. சித்தூர்ப் பக்கம் தென்னங்கள் இறக்கும் தொழில் பெரிது. அந்த வீட்டுப் பையன் ஒருவனிடம் உங்கப்பா வேலையைச் சொல்லு என்றேன். ‘பாளைய கயித்துல இறுக்கிக் கட்டோணும் டீச்சர். தெனமும் மெதுவா தட்டோணும். அப்புறம் நுனிய சீவி பானை மாட்டோணும்’ என்றான். அவன் சொன்னபடியே எழுதி அவனிடமே கொடுத்தேன். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் தடுக்கவே இல்லை. அடுத்த நாள் அதற்குக் கீழேயே புத்தகத் தமிழில் எழுதினோம். கட்டோணும் என்பது கட்ட வேண்டும் ஆனது, கயிறும் தினமும் தங்கள் எழுத்துக்கு வந்தன. வீட்டில் காத்து என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தில் காற்று என்று பார்க்கிற பிள்ளைக்கு அந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் கைபிடித்து நடத்த வேண்டும். மாதம் இரண்டு இப்படி எழுதிச் சேர்த்தால் வகுப்புக்கு என்று ஒரு வாசிப்புப் புத்தகமே உருவாகிவிடும். எல்லையின் அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025-ல் ‘திறன்’ என்ற திட்டம் வந்திருக்கிறது. அதன் பயிற்சித் தாள் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம்.

வகுப்பில் செய்யக் கூடாதவை

வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தன் முறை வருவதற்குள் அந்தப் பிள்ளை பாடத்தைக் கேட்பதில்லை, தன் பத்தியை எண்ணிக்கொண்டிருக்கிறான். முறை வந்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்பான். நாமோ சேட்டை என்று நினைத்துக்கொள்வோம். அவன் வகுப்பில் உரக்க வாசித்தே ஆக வேண்டும் என்றால் முந்தின நாள் மாலையே எந்தப் பத்தி என்று சொல்லிவிடுங்கள். அவன் பழகிக்கொண்டு வருவான், வாசித்து முடித்ததும் அவன் முகத்தைப் பாருங்கள்.

இணைத்து வாசிக்க வைக்கும்போது முதல் மதிப்பெண் பிள்ளையோடு சேர்க்காதீர்கள், நடுத்தரமாக வாசிக்கிறவனோடு சேருங்கள். துணை வாசிப்பவனுக்கு ஒரு விதிதான்: நண்பன் நின்றால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணு, அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிடு, சிரிக்காதே.

தனிப் பயிற்சிக்கு நாலைந்து பேர் கூட்டம் போதும், தினமும் இருபது நிமிடம். காலை மணிக்கு முன்னாலோ, மதியச் சோற்றுக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பாடவேளையை எடுக்காதீர்கள். நாள் முழுதும் தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளை ஜெயிக்கிற ஒரே இடம் மைதானம்தான், அதையும் பறிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இவ்வளவும் ஒரு பருவம் ஒழுங்காகச் செய்த பிறகும் நான்கு மொழியிலும் எழுத்து ஒட்டவில்லை என்றால் பெற்றோரிடம் பேசுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (டிஸ்லெக்சியா போன்றவை) என்பதும் ஒன்று. ‘எம் பிள்ளை லூசா டீச்சர்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை, கேட்டால் எல்லாம் புரிகிற பிள்ளை என்று நீங்கள் வாசித்துக் காட்டிய பத்தியையும் அவன் சொன்ன பதிலையும் எடுத்துக் காட்டுங்கள். மருத்துவச் சான்று கிடைத்தால் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் கூடுதல் நேரமும், அவன் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரின் உதவியும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடாமல் ஒன்பதிலேயே தொடங்குங்கள்.

கடைசியாகத் தேர்வு அறை. கேரளத்தில் கேள்வித்தாளை வாசிக்கவென்றே 15 நிமிடம் கூல் ஆஃப் நேரம் தருகிறார்கள். வேகமாக வாசிக்கிறவர்களுக்கு அது சும்மா உட்காரும் நேரம். மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கு அதை எப்படிச் செலவிடுவது என்று மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் பழக்குங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு கேள்வியின் கடைசிச் சொல்லை மட்டும் பார்க்கட்டும்: விளக்குக, ஒப்பிடுக, பட்டியலிடுக, பொருத்துக. இரண்டாம் சுற்றில் எதை என்று தேடட்டும். நீண்ட சொல் வந்தால் மனசுக்குள் வாலைப் பிரித்துக்கொள்ளட்டும். மூன்றாம் சுற்றில் தனக்குத் தெரிந்த கேள்விகளின் எண்ணை மனதில் குறித்துக்கொண்டு, மணி அடித்ததும் அதில் சுலபமானதிலிருந்து எழுத ஆரம்பிக்கட்டும்.